ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸ் விழுந்தது கிங் கொலையாலா, ஒப்பந்தத்தாலா?

வினைல்பித்தன்:
1968 ஏப்ரல்ல மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதோட மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ்ங்கிற சோல் இசை ரெக்கார்டு கம்பெனி படுத்துடுச்சுன்னு பல இடத்துல எழுதறாங்க. ஆனா அவங்க பாடகர்-பாடலாசிரியர் ஐசக் ஹேய்ஸோட பெரிய ஹிட், வாட்ஸ்டாக்ஸ் இசை விழா எல்லாமே அதுக்கு அப்புறம்தான். அப்போ கவிழ்த்தது எது? அவங்க பழைய 45 (ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பாட்டு இருக்கிற சின்ன வினைல் தட்டு) கையில கிடைச்சா, எந்தக் காலத்து ரெக்கார்டுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஊசிமுனை:
ரெண்டு தடவை விழுந்தாங்க. ரெண்டுலயும் விநியோக ஒப்பந்தம்தான் வினை. 1960-லிருந்து ஸ்டாக்ஸ் சரக்கை வெளியூர்களுக்குக் கொண்டுபோய் வித்தது அட்லாண்டிக்ங்கிற பெரிய ரெக்கார்டு கம்பெனி, வாய்வார்த்தை ஏற்பாட்டுல. 1965-ல அதை எழுத்தாக்கினப்போ ஸ்டாக்ஸ் நிறுவனர் ஜிம் ஸ்டூவர்ட் முழுசாப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டார். மாஸ்டர் டேப் (மூல ஒலிப்பதிவு) உரிமை அட்லாண்டிக்குக்கேன்னு உள்ளே ஒரு ஷரத்து இருந்தது. 1967-ல அட்லாண்டிக்கை வார்னர்-செவன் ஆர்ட்ஸ் வாங்கிடுச்சு. பேரம் படியாம ஸ்டாக்ஸ் விலகப் பார்த்தப்பதான் அந்த ஷரத்து தெரிய வந்தது. சாம் அண்ட் டேவ்ங்கிற பாடகர் ஜோடியும் அட்லாண்டிக் கடனாக் கொடுத்த ஆட்கள், திரும்பிப் போயிட்டாங்க. ஸ்டாக்ஸோட பெரிய பாடகர் ஓடிஸ் ரெட்டிங் 1967 டிசம்பர் 10 விமான விபத்துல போயிட்டார், பார்-கேஸ் வாத்தியக் குழுவில பெரும்பாலானவங்களும் அவரோட. ஆக, கிங் சாவுக்கு முன்னாடியே அஸ்திவாரம் ஆட்டம் கண்டுடுச்சு.

தாளக்கட்டு:
ஒப்பந்தக் கணக்கு சரி, ஆனா அதோட நிறுத்தினா பாதிக் கதைதான். நிறவெறி ஊறின ஊர்ல, மெக்லமோர் அவென்யூ பழைய சினிமா கொட்டகையில இருந்த ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவுல, அவங்க ஆஸ்தான வாத்தியக் குழு புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ்ல கறுப்பர் 2 பேர், வெள்ளையர் 2 பேர். ஸ்டாக்ஸ் ஆட்கள் சேர்ந்து உக்காந்து பாட்டு எழுதின லொரெய்ன் மோட்டலோட பால்கனியிலதான் கிங்கைச் சுட்டாங்க. அவர் அங்க வந்தது துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்துக்கு. பிப்ரவரி 1-ல குப்பை லாரி அழுத்தும் இயந்திரத்துல 2 பேர் நசுங்கிச் செத்தாங்க. 12-ஆம் தேதி சுமார் 1300 பேர் வேலைநிறுத்தம். கொலைக்குப் பிறகு ஸ்டுடியோவுக்குள்ள பழைய சகஜம் போச்சு. ஹேய்ஸால ஒரு வருஷம் போல எழுதவே முடியல.

ஆனா கம்பெனியைத் தூக்கி நிறுத்தினதும் அதே இயக்கத்தோட வேகம்தான். கிங்கோட அமைப்புல வேலை பார்த்திருந்த ஸ்டாக்ஸ் நிர்வாகி அல் பெல், டேப் இல்லாத குறையை நிரப்ப 1969-ல ஒரே மூச்சுல 27 ஆல்பம் இறக்கினார். நாலே பாட்டு இருந்த ஹேய்ஸ் ஆல்பம் அதுல ஒண்ணு. பிரமாதமான துணிச்சல்! 1972 ஆகஸ்ட் 20 வாட்ஸ்டாக்ஸ்: லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியம், டிக்கெட் 1 டாலர், லட்சம் பேருக்கு மேல கூட்டம். அந்த ஊர்க் கறுப்பர் பகுதியான வாட்ஸ்ல கலவரம் நடந்து ஏழு வருஷம் ஆனதை ஒட்டி நடத்தினாங்க.

பக்கம்பி:
ரெண்டாவது சரிவு அதே 1972-ல ஆரம்பம். சிபிஎஸ்ங்கிற பெரிய ரெக்கார்டு கம்பெனியோட விநியோக ஒப்பந்தம் போட்டாங்க. ஆதரவா இருந்த அதன் தலைவர் கிளைவ் டேவிஸை 1973-ல சிபிஎஸ் நீக்கினதும் எல்லாம் மாறிடுச்சு. சிபிஎஸ்ஸுக்குப் பெரிய கடைகளோடதான் பழக்கம். ஸ்டாக்ஸ் வித்ததோ கறுப்பர் பேட்டைச் சின்னக் கடைகள்ல. சரக்கு கிடங்குலயே தங்கிச்சு, வரவேண்டிய பணமும் வரல, வேற வழியா விக்கவும் ஒப்பந்தம் விடல. யூனியன் பிளான்டர்ஸ் பேங்க் கடன் கழுத்தை நெரிக்க, 1975 டிசம்பர்ல திவால். பெல் மேல போட்ட வங்கி மோசடி வழக்குல 1976-ல அவர் நிரபராதின்னு தீர்ப்பு வந்ததையும் சேர்த்துச் சொல்லணும்.

45 விஷயம்: நீல லேபிள்ல ரெக்கார்டு அடுக்கு படம் இருந்தா அட்லாண்டிக் காலம். மஞ்சள் லேபிள்ல விரல் சொடுக்குற படம், நம்பர் 0001-லிருந்து புதுசா ஆரம்பிச்ச வரிசைன்னா, 1968-ல பிரிஞ்சதுக்கு அப்புறம் வந்தது.