வேற்று மதத்து வீட்டு விசேஷத்தில் உங்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?

பாளை டீச்சர்

கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு வருவதைக் கேட்கவில்லை. அதை எல்லோரும்தான் செய்கிறோம். வேறு மதத்துக்காரர் வீட்டு விசேஷத்தில் உங்களைக் கூப்பிட்டு ஒரு வேலையைக் கையில் கொடுத்திருக்கிறார்களா? அதைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் சி.எஸ்.ஐ. சபைக்காரர். அவர் மகன் கல்யாணத்துக்கு வழக்கப்படி மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாரும் இருந்தால் சொல்லலாம் என்று ஐயர், அதாவது சபைப் போதகர், சபை முன்னால் படிப்பார். மூன்றாவது ஓலை முடிந்த அன்று சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, தாலி கோக்க நீங்கதான் வரணும்" என்றார். நாங்கள் நெற்றி நிறைய திருநீறு பூசுகிற குடும்பம். "உங்க சொந்தத்துல ஆளா இல்ல?" என்றேன். "ஆள் இருக்கு. ஆனா பள்ளிக்கூடம் விட்டு வந்தா இவனுக்குச் சோறு போட்டது நீங்கதானே" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

சிலுவை பொறித்த சின்னத் தாலி. இரண்டு பக்கமும் மணி. மஞ்சள் தடவிய கயிற்றின் நுனி பிரிந்து பிரிந்து போய் ஓட்டைக்குள் நுழையவே மாட்டேன் என்றது. டீச்சரின் மாமியார் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை நீட்டினார். நுனியில் மெழுகைத் தேய்த்து முறுக்கினேன், சட்டென்று போய்விட்டது. கோத்து முடிக்கும் முன் ஒரு சின்ன ஜெபம். எல்லோரும் கண்ணை மூடினார்கள், நானும் மூடினேன். மறுநாள் கோயிலில் ஐயர் அதே தாலியை ஏந்தி ஜெபித்தார். பாமாலை பாடும்போது என் கையில் புத்தகம் இல்லை என்று பக்கத்திலிருந்த பையன் அவன் புத்தகத்தைப் பாதி என் பக்கம் நகர்த்தி வைத்தான். நானும் மெல்லப் பாடினேன். ராகம் கொஞ்சம் இழுவை.

மேலப்பாளையத்துக்காரன்

எனக்குக் கொடுத்த வேலை தாய்மாமன் வேலை.

என் நண்பனின் மனைவிக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அவர் என்னை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்த அவர்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் நாள் வைத்தார்கள். பெரியப்பா, சித்தப்பா வகையில் ஏதோ ஒரு மாமனைப் பிடித்து உட்கார வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். தங்கச்சி நேரே கேட்டுவிட்டார்: "உங்க மடியில வச்சுக் குத்தலாமாண்ணே? உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம்."

சங்கடம் இருந்தது, மறைப்பானேன். எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டேன். "பூசையில் சேராதே. பிள்ளையை மடியில் வைப்பதற்கு யார் என்ன சொல்லப் போகிறார்கள்" என்றார். இதை அப்படியே நண்பனிடம் சொன்னேன். அவன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு, கோயிலுக்கு உள்ளே வேண்டாம், வெளியே மருத மரத்தடியில் பாயை விரி என்று சொல்லிவிட்டார். அங்கேதான் எல்லாருக்கும் நிழல் என்று ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டார். பெரிய மனுஷன்.

மாமன் சீராக வேட்டி, சேலை, பிள்ளைக்குப் பட்டுச் சட்டை, பழத்தட்டு, ஒரு ஜோடித் தங்கக் கம்மல் எல்லாம் கொண்டுபோனோம். என் உம்மா தேர்ந்தெடுத்த கம்மல். ஆசாரி காது மடலில் மையால் புள்ளி வைத்துவிட்டு, "மாமா, தலைய அசையாம புடிங்க" என்றார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். பிடித்தால் வழுக்குகிறது. முதல் காதுக்குப் பிள்ளை கத்தினான், இரண்டாம் காதுக்கு என் பெருவிரலைக் கடித்தான். நான்கே பல். நான் போட்ட சத்தம்தான் அன்றைக்குப் பெரிய சத்தம் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பொங்கல் பொங்கிக் குலவை போட்டபோது லுஹர், நடுப்பகல் தொழுகை நேரம். அதே பாயைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி விரித்துத் தொழுதேன். மத்தியானம் கறிச்சோறு. கிடாயை அறுக்க எங்கள் ஊரிலிருந்தே ஒருவரை வரவழைத்திருந்தார்கள், நாங்களும் சாப்பிட வேண்டும் என்று. இது எங்கள் பக்கம் புதிதில்லை. எத்தனையோ கல்யாண வீட்டில் இப்படித்தான் நடக்கிறது.

கோவில்பட்டி

எங்கள் வீட்டில் என் தம்பிக்குச் சேனை தொட்டு வைத்தது எதிர்வீட்டு பீவி அம்மா. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் துளி சர்க்கரைத் தண்ணீரை யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பீவி அம்மா யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டார், அதனால் பாட்டி அவரைத்தான் பிடித்து இழுத்து வந்தாராம். 'பிஸ்மில்லா' சொல்லி வைத்தாராம். தம்பி இப்போது ஊரில் எல்லாரிடமும் சண்டை போடுகிறான். சேனை மேல் குற்றமில்லை.

முத்துநகர் மாமா

தூத்துக்குடி. எனக்கு வேலை கொடுக்க ஆசைப்பட்டார்கள், திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

கத்தோலிக்க நண்பனுக்குப் பல வருடம் கழித்துப் பெண் குழந்தை. வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வைத்து, மாதா குளத்துக்குப் போகும் அந்த மணல் பாதையில் அவன் மனைவி முட்டி போட்டு நடந்தபோது தண்ணீர் பாட்டிலோடு கூடவே போனவன் நான். ஆகவே பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தை நீதான் என்று முடிவு செய்துவிட்டான். பங்குச் சாமியார் பொறுமையாகச் சொன்னார்: ஞானப்பெற்றோர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், 16 வயது முடிந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் என்ற சடங்கைப் பெற்றிருக்க வேண்டும். பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்கிற ஆளுக்கு அந்த விசுவாசம் இருக்க வேண்டாமா என்றார். நியாயம்தான். நண்பனுக்குத்தான் முகம் வாடிவிட்டது. அவன் சித்தப்பா மகன் ஞானத்தந்தை ஆனான்.

ஆனால் வெள்ளை உடுப்பு நீதான் எடுக்க வேண்டும் என்று நண்பனின் அம்மா சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் அது ஞானத்தாய் எடுக்கிற உடுப்பு. ஞானத்தாய் விட்டுக்கொடுத்தார், அவர் பிள்ளைக்கு எடுத்த தங்கச் சங்கிலிச் செலவில் நான் பாதி கொடுக்கப் போக, கையைத் தட்டிவிட்டார். கழுத்தில் சரிகை வைத்த ஒரு சின்ன கவுனுக்காகக் கடை கடையாக ஏறினேன். சரிகை குத்தும் என்று என் மனைவி உள்ளே மல் துணி வைத்துத் தைத்தாள்.

கோயிலில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்கிறார், நெற்றியில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சிலுவை அடையாளம் போடுகிறார்கள், மூன்று முறை தண்ணீர் ஊற்றுகிறார், உச்சந்தலையில் எண்ணெய் பூசுகிறார். அப்புறம் வெள்ளை உடுப்பு. 'இந்த வெண்ணிற ஆடை' என்று அதற்கென்றே ஒரு செபம் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாமியார் அதைச் சொல்லும்போது நண்பன் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை அந்த உடுப்பிலேயே பால் கக்கிவிட்டது, அது வேறு கதை. இப்போது வருடா வருடம் பனிமய மாதா திருவிழாவுக்கு, ஆகஸ்ட் 5-ஆம் தேதி, அவளுக்கு நான்தான் பலூன் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஞானத்தந்தை துபாயில் இருக்கிறான்.

மேலப்பாளையத்துக்காரன்

முத்துநகர் மாமா சொன்னது சரி. விதி எங்கே இருக்கிறது என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டால் மனக்கசப்பு வராது. எங்கள் நிக்காஹ்வில் சாட்சிகள் முஸ்லிம்களாக இருக்க வேண்டும். நான் என் நண்பனைச் சபைக்கு வருகிறவர்களுக்குச் சந்தனமும் பன்னீரும் கொடுக்க வாசலில் நிறுத்தினேன். மாப்பிள்ளையை விட அவனைத்தான் ஊரில் அதிகம் பேருக்குத் தெரிந்தது.

உப்பளம்

நாள் பார்க்கிற பாட்டை யாரும் எழுதவில்லையே. எங்கள் நட்பு வட்டத்தில் மூன்று மதமும் உண்டு. ஆடி, மார்கழி ஆகாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், டிசம்பரில் திருவருகைக் காலமும் அப்படியே. ரமலானில் வைத்தால் பகல் விருந்துக்கு ஆள் வராது. 2025-இல் நோன்பும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்தில் சேர்ந்தே தொடங்கிவிட்டன. எங்கள் செட்டில் ஒருவன் அந்த மாசியில்தான் கல்யாணம் என்று பிடிவாதம் பிடித்தான். பந்தியில் நண்பர்கள் வரிசையில் பாதி பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் நோன்பு திறக்க அவன் மாமனார் கஞ்சியும் பேரீச்சம்பழமும் ஏற்பாடு செய்ததோடு, தவக்காலத்துக்குக் கறி விட்டவர்களுக்குத் தனியாக இட்லி சாம்பாரும் வைத்தார். அந்த மனுஷனுக்கு இரட்டைச் செலவு.

சங்கரன்கோவில் பொண்ணு

காயல்பட்டினத்தில் ஹாஸ்டல் தோழி கல்யாணம். அந்த ஊர் வழக்கம் நமக்குத் தலைகீழ். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார், பெண்ணுக்குத் தாய்வீட்டைப் பிரிய வேண்டியதே இல்லை. அதனால் நம் பக்கத்துக் கல்யாணங்களில் கடைசியில் வருகிற அந்த அழுகைக் கட்டம் அங்கே கிடையாது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. என் கல்யாணத்தில் நான் அழுத அழுகையை நினைத்தால் பொறாமையாகக்கூட இருந்தது.

நிக்காஹ் ஆண்கள் பக்கம் நடந்தது. தப்தரில், அதாவது கல்யாணப் பதிவேட்டில், கையெழுத்து வாங்கப் பெண்ணின் வாப்பாவும் மாமாவும் உள்ளே வந்தபோது என் தோழி என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் எழுதுவதற்கு வாகாக என் முதுகைத்தான் மேசையாகக் கொடுத்தேன். சேலை முழுக்க மருதாணிப் பொடி. பிறகு மாப்பிள்ளையின் லாத்தா (அக்கா) வந்து கருகமணி கட்டினார்.

சாப்பாட்டுக்குத்தான் எல்லாரும் பதறினார்கள். நான் சைவம். அங்கே சஹனில்தான் பரிமாறுவார்கள், ஒரு பெரிய தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட வேண்டும். நெய்ச்சோறு, களரிக்கறி, கத்தரிக்காய் மாங்காய். எனக்குத் தனி இலை போடுவதா என்று உம்மாவுக்குத் தயக்கம், தனியாக உட்கார வைத்தால் பிள்ளை மனசு என்ன ஆகும் என்று. கடைசியில் தோழியின் தங்கைகள் இரண்டு பேர், "எங்களுக்கும் இன்னிக்கிக் கறி வேணாம்" என்று என் சஹனுக்கு வந்துவிட்டார்கள். கறி இல்லாத சஹன் அந்தப் பந்தியில் அது ஒன்றுதான். சமையல்காரப் பண்டாரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, கத்தரிக்காய் மாங்காயை ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

பெயர் வேண்டாம்

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. நான் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

எங்கள் வீடும் என் கணவர் வீடும் மூன்று தலைமுறையாகத் தீபாவளிக்குப் பலகாரமும் பெருநாளுக்குப் பிரியாணியும் மாற்றிக்கொண்ட வீடுகள். என் அக்கா வளைகாப்புக்கு அவர் அம்மாதான் முதலில் வளையல் போட்டவர். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்ய வேண்டும் என்றதும் தட்டு போவது நின்றது. யாரும் மதம் மாற வேண்டாம் என்று 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டப்படி பதியப் போனோம். பாளை டீச்சர் சொன்ன ஓலை அங்கேயும் உண்டு, அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டி, தடை சொல்பவர்களுக்காக 30 நாள் காத்திருப்பார்கள். எங்கள் ஓலையைப் பார்க்கத்தான் ஊரே போனது. மூன்று சாட்சி வேண்டும். கல்லூரித் தோழி, அவள் கணவர், எங்கள் வாடகை வீட்டுக்காரர். அவர் கையெழுத்து போட்டுவிட்டு, "வாடகை மட்டும் அஞ்சாந் தேதி தாண்டாம குடுத்துரும்மா" என்றார்.

பிள்ளை பிறந்தபோது மாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வலது காதில் பாங்கு சொல்ல வைத்தார். என் அம்மா முப்பதாம் நாள் காப்பு கொண்டுவந்து போட்டார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளை மூக்கு யார் ஜாடை என்று தகராறு செய்தார்கள். என் அப்பா இன்னும் பேசவில்லை. எனவே இதை ஒற்றுமைக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாளை டீச்சர்

கோபம் எதற்கம்மா. இதையும் சேர்த்துத்தான் கேட்டேன். மூக்கு யார் ஜாடை?

பெயர் வேண்டாம்

மாமி ஜாடைதான். அம்மாவிடம் சொல்லவில்லை.

பட்டறை

நாங்கள் நகை வேலை செய்கிற குடும்பம். பக்கத்துத் தெரு பாய் வீடுகளில் பிள்ளை பிறந்தால் ஏழாம் நாள் ஆடு அறுக்கிற அகீகா. ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஒன்று. தலைமுடி இறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்வார்கள். முடியை நிறுக்க என் அப்பாவின் பட்டறைக்குத்தான் வருவார்கள். காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார்கள். தட்டில் வைத்தால் இருக்கிறதா என்றே தெரியாது. அப்பா மின்விசிறியை நிறுத்திவிட்டு, என்னைக் கதவை மூடச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்பார். பவுன் நிறுக்கும்போதுகூட அவ்வளவு பதற்றம் பார்த்ததில்லை. எடை வந்ததும் ஒரு சுற்றுக் கூட்டியே சொல்வார், ஏழைக்குப் போகிறதுதானே என்று. கூலி வாங்க மாட்டார். கறி வரும்.

உப்பளம்

ஒரு சந்தேகம். அடுத்த மாதம் நண்பர் பையனுக்குப் புதுநன்மை, பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பத்தை முதல்முறை வாங்குகிற விசேஷம். நான் இதுவரை போனதில்லை. என்ன வாங்கிப் போவது, எப்படி நடந்துகொள்வது?

முத்துநகர் மாமா

உடுப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் வீட்டிலேயே எடுத்துவிடுவார்கள். நீங்கள் ஒரு கைக்கடிகாரமோ நல்ல பேனாவோ கொடுங்கள், பையன் சந்தோஷப்படுவான். எல்லாரும் எழுந்தால் எழுந்திருங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். நற்கருணைக்கு வரிசை போகும்போது மட்டும் கூடப் போக வேண்டாம், இருந்த இடத்திலேயே இருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பூசை ஏழரைக்கு என்றால் ஏழு மணிக்கே போய்விடுங்கள். புதுநன்மை அன்றைக்குப் பெஞ்சு கிடைக்காது.