இன்டர்செக்ஸ், டிஎஸ்டி: தமிழில் என்ன எழுதலாம்? திங்களுக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

உடற்கல்விப் பட்டப்படிப்புக்கான பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். தடகளத்தில் பெண்கள் பிரிவுக்கு உலகத் தடகள அமைப்பு வைத்த தகுதி விதிகள் பற்றிய இயலில் நான்கு நாளாக நகர முடியவில்லை. திங்கட்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும்.

இடறுவது இந்த வாக்கியம்: "2018 விதிப்படி, 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களில், ______ உள்ள வீராங்கனைகள் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும்." 2023இல் அது 2.5 ஆனது, 24 மாதம் ஆனது, எல்லாப் போட்டிகளுக்கும் என்றானது. கோடிட்ட இடத்தில் மூலத்தில் இருப்பது டிஎஸ்டி (DSD). பின்னிரண்டு எழுத்தும் 'செக்ஸ் டெவலப்மென்ட்', உடல் ஆணாகவோ பெண்ணாகவோ வளரும் விதம். அதன் முதல் எழுத்துக்கு 2006இல் மருத்துவர்கள் கொண்ட பொருள் கோளாறு. இப்போது பலர் வேறுபாடு என்று கொள்கிறார்கள். ஆண், பெண் என்ற வழக்கமான வகைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறந்தவர்களைச் சொல்லும் இன்டர்செக்ஸும் அதே பக்கத்தில் வருகிறது. நான் எழுதி வைத்திருப்பது "இருபால் தன்மை". மனம் ஒப்பவில்லை.

வ.

—

அன்புள்ள வ.,

இருபால் கூடவே கூடாது. இருபாலர் பள்ளி என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளி. மாணவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

நம்மிடம் இதற்கு இரண்டாயிரம் ஆண்டு இலக்கணம் இருக்கிறது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி" என்கிறார். அதற்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைப் பாலீற்றிலேயே அது முடியும் என்றும் சொல்கிறார். உயர்திணையை விட்டு அவர் அவர்களை வெளியே தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே "பால்திரிபு". மருத்துவத்துக்கும் அதுவே, மக்களுக்கும் அதுவே. பால் என்பதே பகு என்னும் வேரிலிருந்து வந்தது. பகல், பகுதி, பங்கு, பாத்தி எல்லாம் ஒரே குடும்பம். பகுக்கப்பட்டது பால், பகுப்பு திரிந்தால் பால்திரிபு. ஊழுக்கும் பால் என்று பெயருண்டு, ஒருவருக்குப் பகுத்து வைக்கப்பட்டது என்பதால். இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

"வீராங்கனை" வீர, அங்கனை என்ற இரு வடசொற்களின் புணர்ச்சி. அதையும் மாற்றிவிடுங்கள்.

புலவர் மா.

—

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மாவட்டத் தலைநகர் ஒன்றில் பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவன். இலக்கணம் தெரியாது. ஆனால் "திரிபு" வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். திரிந்த பால் என்றால் எங்கள் ஊரில் கெட்டுப்போன பால்.

போன வருடம் என்னிடம் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. 800 மீட்டர் நன்றாக ஓடும். இன்னும் வயதுக்கு வரவில்லை, குரல் கொஞ்சம் கட்டை. அவ்வளவுதான். மாவட்டப் போட்டிக்கு நுழைவுப் படிவம் நிரப்பும்போது அப்பா சைக்கிளைப் பிடித்தபடியே மைதான ஓரத்தில் நின்றார். பால் என்ற கட்டத்துக்கு வந்ததும், "சார், எம் பொண்ணுதான சார், பெண்ணுன்னே போடுங்க" என்றார். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். பேனாவை அழுத்திப் போட்டேன். அந்தப் பிள்ளை இந்தப் பாடநூலை நாளைக்குப் படிக்கலாம். அதில் "பால்திரிபு உள்ள வீராங்கனை" என்று இருக்கக் கூடாது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பிறகு செங்கல் சூளையில் கூலி வேலை வரை போனார். அவரைப் பற்றி அன்றைக்கு வந்த சொற்களை நான் மறக்கவில்லை.

இரா.

—

இரா. அண்ணா சொல்வதுதான் எனக்கும் முதல் விதி. மருத்துவராக ஒன்று சேர்க்கிறேன்.

டிஎஸ்டி ஆளின் பெயர் அல்ல, உடல் வளர்ந்த விதத்தின் பெயர். குரோமோசோம், சுரப்பி, இனப்பெருக்க உறுப்பு இவற்றில் ஏதோ ஒன்று வழக்கமான வரிசையில் வளராத பல நிலைகளை அது சேர்த்துச் சொல்கிறது. ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டின்யோ 1985இல் ஜப்பானின் கோபேயில் பாலினச் சோதனையில் தோற்றார். அவருக்கு ஆண்களிடம் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஒய் குரோமோசோம். ஆனால் அவர் உடல் டெஸ்டோஸ்டிரோனை ஏற்காத உடல். சுரந்தாலும் தசைக்கு அதனால் பயன் கிடையாது. மூன்று ஆண்டு போராடித்தான் 1988இல் திரும்ப அனுமதி பெற்றார். வேறொரு நிலையில் உடல் அதை முழுவதும் ஏற்கும். இரண்டுக்கும் "திரிபு" என்று ஒரே முத்திரை குத்தினால் மாணவருக்கு ஒன்றும் புரியாது.

"பால்வளர்ச்சி வேறுபாடு" என்று எழுதுங்கள். "பால்வளர்ச்சி வேறுபாடு உள்ள வீராங்கனை" என்னும்போது அவர் வீராங்கனையாகவே இருக்கிறார். கோளாறு, குறைபாடு இரண்டும் வேண்டாம்.

மரு. தே.

—

டாக்டர் அம்மாவின் சொல் விளக்கமே தவிரக் கலைச்சொல் அல்ல. ஆறு அசைச் சொல்லை யார் சொல்வார்கள்? இன்டர்செக்ஸுக்கு "ஊடுபால்" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே இரண்டுக்கும் வைத்துவிடலாம்.

கு.

—

ஊடுபால் வினைத்தொகையாகிவிடும். ஊடிய பால், ஊடுகின்ற பால், ஊடும் பால். தலைவி தலைவனோடு ஊடுவதுதான் நினைவுக்கு வரும். திரிபு மனத்தைப் புண்படுத்துகிறது என்றால் விட்டுவிடுகிறேன், இரா. தம்பி எழுதியதைப் படித்தேன். ஆனால் "இடைப்பால்" என்று ஒற்று மிகுத்து எழுதுவதே முறை.

புலவர் மா.

—

ஐயா, ஊடுபயிர் என்று உழவர்கள் சொல்கிறார்களே. கரும்புக்கு இடையில் உளுந்து போட்டால் ஊடுபயிர். பயிர் பயிரோடு ஊடுகிறது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நெசவில் ஊடும் பாவும் சேர்ந்தால்தான் துணி. எனக்கு இடை பிடிக்காததற்குக் காரணம், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்து அதன்மேல் ஆளை நிற்க வைக்கிறது. ஊடு என்றால் உள்ளே கலந்து ஓடுவது.

ஒரு செய்தி: இன்டர்செக்ஸ் என்ற சொல்லை உயிரியலில் நிலைநாட்டியவர் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட், 1917இல், அந்துப்பூச்சி ஆராய்ச்சியில். பூச்சிக்கு வைத்த சொல்லின் முன்னொட்டை அப்படியே பெயர்க்க வேண்டும் என்று நமக்கு என்ன கட்டாயம்?

கு.

—

குழுவில் எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். நானும் ஓடியவள். வரிசையில் நிற்கும் மற்ற ஏழு பெண்களையும் பாருங்கள்.

பெண்கள் பிரிவு என்று ஒன்றை எதற்காகத் தனியே வைத்தோம்? பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் லிட்டருக்கு 2 நானோமோலுக்குள். ஆண்களுக்கு ஏறத்தாழ 8 முதல் 29 வரை. பருவ வயதில் அது எலும்பிலும் தசையிலும் செய்வதை எந்தப் பயிற்சியாலும் எட்ட முடியாது. 2016 ரியோ 800 மீட்டரில் பதக்கம் வென்ற மூவருமே பின்னால் இந்த விதியால் அந்தத் தூரத்தை விட வேண்டியிருந்தது. நான்காவதாக வந்த பெண்ணின் கண்ணீரும் உண்மைதான். 2019இல் தென்னாப்பிரிக்க 800 மீட்டர் வீராங்கனை காஸ்டர் செமென்யா இந்த விதியை எதிர்த்துப் போட்ட வழக்கில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது என்ன? விதி பாகுபாடு காட்டுகிறது, ஆனால் பெண்கள் பிரிவைக் காக்க அது தேவை என்றது. "பால்வளர்ச்சி வேறுபாடு" என்று மெழுகினால் எதைப் பற்றிய சண்டை இது என்பதே மறைந்துவிடும். பாடநூலில் இந்தப் பக்கத்துக்கும் சொல் வேண்டும். அது நியாயமா, நேர்மையா, சமவாய்ப்பா?

செ.

—

செ. அக்கா, நீங்கள் கேட்டது சரி. நியாயம் வேண்டாம், அது வடசொல் என்று புலவர் ஐயா வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் "போட்டிச் சமன்" பிடித்திருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பைப் பற்றி 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, அதை எதிர்த்து செமென்யா செய்த முறையீட்டை சுவிட்சர்லாந்து நீதிமன்றம் போதிய அளவு ஆராயவில்லை என்றது. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனையை (ஒய் குரோமோசோமில் இருந்து ஆண்பால் வளர்ச்சியைத் தொடங்கி வைக்கும் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது) கொண்டுவந்துவிட்டது. பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் இறங்குகிறவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தேய்த்தோ இரத்தம் எடுத்தோ. வ. பெயர்க்கும் வாக்கியமே பழசாகிவிட்டது.

கு.

—

நியாயம் வடசொல்லே. "நடுவு" இருக்கிறது, "முறை" இருக்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். சமன் என்பதையும் அங்கே துலாக்கோலுக்கு ஆள்கிறார், அதனால் போட்டிச் சமனை ஏற்கிறேன்.

புலவர் மா.

—

அன்புள்ள எல்லோருக்கும்,

இரவு பதினொன்றரை. காலையில் அனுப்புகிறேன். உடல்நிலையைச் சொல்லும் இடத்தில் "பால்வளர்ச்சி வேறுபாடு". மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் "ஊடுபால்", "ஊடுபாலினர்". விதியின் நோக்கத்துக்குப் "போட்டிச் சமன்". செ. அம்மா கேட்டபடி டெஸ்டோஸ்டிரோன் அளவுகளை மெழுகாமல் அட்டவணையாகவே வைத்திருக்கிறேன். 2025 விதியை அடிக்குறிப்பில் சேர்த்தேன். வீராங்கனை அப்படியே இருக்கிறது. மாணவர்களுக்கு அதுதான் தெரியும்.

வ.

—

ஊடுபாலுக்கு என் இசைவு இல்லை. இடைப்பால் என்றே என் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

இரா. தம்பி, அந்தப் பிள்ளை மாவட்டப் போட்டியில் ஓடியதா?

புலவர் மா.

—

ஓடியது ஐயா. இரண்டாவது.

இரா.