நீலகிரியில் சூப்பர் மார்க்கெட்டை விட்டால் சரக்கு எங்கே எடுக்கலாம்? (குன்னூர், ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்)

வெலிங்டன்_வாசி கேட்டது:

வணக்கம். வெலிங்டன் பக்கம் நாலு அறை ஹோம்ஸ்டே. தினமும் 8 முதல் 12 பேருக்குச் சமையல். இப்போதைக்கு பாதிச் சரக்கு சூப்பர் மார்க்கெட்டில், மீதி வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டியில். பக்கத்துப் பள்ளத்தாக்கில் விளைந்த கேரட் கீழே இறங்கி, மறுபடி மலையேறி என் அடுப்படிக்கு வருகிறது. இதற்கு இரட்டை வண்டிக்கூலி வேறு.

தேடுவது இவை: லீக்ஸ், செலரி, சுகினி மாதிரி இங்கிலீஷ் காய்கள், நல்ல இலைத் தேயிலையும் பாலுக்கு ஏற்ற தூளும், கலப்படமில்லாத தேன், மிளகு, மட்டை அரிசி, கொஞ்சம் சீஸ். மேப்பில் 'ஆர்கானிக்' என்று போட்டால் பாதி சாக்லேட் கடை, மீதி எப்போதோ மூடிய கடை. கடைப் பெயரோடு, கண்டுபிடிக்கும் வழியும் தெரிந்தால் சொல்லுங்க. ஒரு ஸ்கூட்டரும் பழைய ஆம்னி வேனும் இருக்கிறது.

பாலாடா_பக்கம்:

காயிலிருந்து ஆரம்பிக்கலாம்ங்க. மேப்பை மூடி வச்சிருங்க. ஊட்டி நகராட்சி மார்க்கெட்டில் புதுக் கட்டட வேலையால் பல கடைகள் இடம் மாறியிருக்கு, மேப்பில் இன்னும் பழைய இடம்தான் காட்டும். கடையைத் தேடுறதை விட சரக்கு இறங்குற இடத்தைத் தேடுங்க.

மலைக்காய் எங்கே கூடுதுன்னு பார்த்தா கேத்தி, முத்தொரை பாலாடா, நஞ்சநாடு, கப்பத்தொரை. கோத்தகிரிப் பக்கம் கூக்கல்தொரை, ஈளாடா, நெடுகுளா. லீக்ஸ், செலரி, ப்ரோக்கோலி, சைனீஸ் கேபேஜ் எல்லாம் பெரும்பாலும் பெங்களூரு, சென்னை ஓட்டல்காரங்களுக்குன்னே போட்டு, தோட்டத்திலிருந்து நேரா கிரேட்டில் ஏறிப் போயிரும். அதனாலதான் சில்லறைக் கடையில் கண்ணுல படாது. ஏத்துற இடத்துக்குப் போய், 'நாளைக்கு லீக்ஸ் 2 கிலோ, செலரி 1 கிலோ தனியா எடுத்து வைங்க'ன்னு முதல் நாள் மத்தியானத்துக்குள்ள சொல்லணும். சாயங்காலம் வண்டி கிளம்புற நேரத்துல போய் நின்னா யாரும் உங்களைக் கண்டுக்க மாட்டாங்க. வாரா வாரம் ஒரே ஆள்கிட்ட, ஒரே கிழமையில், கையோடு காசு கொடுத்து எடுங்க. மூணாவது வாரத்துல இருந்து அவரே போன் பண்ணுவார்.

கேரட் வாங்கும்போது ஒரு விஷயம். பளபளன்னு ஆரஞ்சா மின்னுறது கழுவும் இயந்திரத்துல உருண்டு வந்தது. அதுல மேல்தோல் உராய்ஞ்சு போயிருக்கும், ஈரத்தோட சாக்குல கட்டினா மூணு நாலு நாள்ல வழவழன்னு ஆயிரும். மண்ணோட இருக்கிறதைக் கேளுங்க. தழையை ஒட்ட நறுக்கிட்டு, கழுவாம, இருட்டான இடத்துல வச்சா நம்ம குளிருக்கு ரெண்டு வாரம் தாராளமா நிக்கும். தழையை விட்டு வச்சா அது கிழங்குல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், கேரட் ரப்பர் மாதிரி வளையும்.

உருளைக்கிழங்கு வருஷம் முழுக்க ஊட்டிக் கிழங்கா கிடைக்காது. கார்போகம், கடைபோகம், நீர்போகம்னு மூணு போகம். இடையில வெளியூர்க் கிழங்கு வரும், சில இடத்துல செம்மண் பூசியே வரும். ஈரத் துணியால ஒரு தடவை துடைச்சுப் பாருங்க. பூசின மண் மாவு மாதிரி ஒரே சீரா வந்துரும், கண்ணுக் குழி சுத்தமா இருக்கும். நிஜமான மண் குழியில கட்டியா ஒட்டியிருக்கும், நகத்தால தோண்டித்தான் எடுக்கணும்.

பூண்டுக்கு மேல நீட்டியிருக்கிற தண்டைப் பாருங்க. தண்டு ஈரமா வளைஞ்சா இன்னும் காயலை. எடைக்குக் காசு கொடுத்து தண்ணி வாங்குறீங்க.

உழவர்_அட்டை:

மேலே சொன்னது சரி. ஆனால் ஆரம்பத்தில் தோட்டம் தோட்டமாக அலைய வேண்டாம், முதலில் உழவர் சந்தைக்குப் போங்கள். 1999-இல் தொடங்கிய திட்டம். ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் சந்தை இருக்கிறது. விற்பவரிடம் புகைப்படத்தோடு விவசாயி அடையாள அட்டை இருக்கும், அதில் ஊர்ப் பெயரும் இருக்கும். உங்களுக்கு வேண்டிய காய் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த கடையில் பேரம் பேச வசதி. காலை 7 மணிக்குள் போங்கள். 10 மணிக்கு மேல் பொறுக்கிப் போட்டதுதான் மிச்சம்.

இன்னொரு வழி, நன்றாக வேலை செய்யும் வழி: பேக்கரியின் பின்கதவு. வர்க்கி (மொறுமொறு அடுக்கு பிஸ்கட்) போடும் பழைய விறகடுப்பு பேக்கரிக்குப் போய், 'வெண்ணெய் யார்கிட்ட எடுக்கிறீங்க, மைதா யார்கிட்ட'ன்னு கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஆள் ஒரு சின்ன மொத்தக் கடையாக இருப்பார், மேப்பில் இருக்கவே மாட்டார். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் எங்கெங்கோ சுட்டது எல்லாம் விற்கிறது, அது தனிக்கதை.

கடைக்குள் போனதும் சாக்கைப் பாருங்கள். சாக்கின் மேல் மையால் மண்டியின் குறி போட்டிருக்கும். ஊட்டிக் கடையில் மேட்டுப்பாளையம் மண்டிக் குறியோடு பூண்டுச் சாக்கு நின்றால் அது கீழே போய் ஏலம் முடிந்து திரும்பி வந்த சரக்கு. கெட்ட சரக்கு என்று அர்த்தமில்லை, இரண்டு கை மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

துணிப்பை கொண்டு போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் மாவட்டம் முழுக்கத் தடை. தேனுக்கும் எண்ணெய்க்கும் கண்ணாடிப் பாட்டில், இல்லை எவர்சில்வர் தூக்கு.

தூள்_தரம்:

தேயிலை பற்றி மட்டும் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் சொதப்பும் இடம் இதுதான்: விருந்தாளிக்கு நல்லதாகக் கொடுக்கலாம் என்று விலை கூடிய ஆர்த்தடாக்ஸ் (நொறுக்காமல் சுருட்டிப் பதப்படுத்திய) இலையை வாங்கி, பாலில் போட்டுக் கொதிக்க விடுவார்கள். சாறு இறங்காது, வெந்நீர் மாதிரி இருக்கும். பாலுக்கு சி.டி.சி. தூள்தான் (இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, மணியாகச் சுருட்டியது), அதில் பி.பி. (ப்ரோக்கன் பெக்கோ, சிறு மணி) அல்லது டஸ்ட் (பொடி) ரகம். டஸ்ட் சீக்கிரம் இறங்கும், கடைத் தேநீர் மாதிரி கடுப்பாக இருக்கும். பி.பி. கொஞ்சம் நிதானம், நிறமும் மணமும் சமமாக வரும். ஆளுக்கு 2.5 கிராம், 12 பேர், நாளைக்கு இரண்டு வேளை என்றால் 60 கிராம். மாதம் சுமார் 1.8 கிலோ. அதற்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். மழை மாதத்தில் தூள் காற்றின் ஈரத்தை இழுத்து மணத்தை விட்டுவிடும்.

ஆர்த்தடாக்ஸ் என்றால் பால் இல்லாமல். ஒரு கோப்பைக்கு 2 கிராம், நீர் கொதித்து அடங்கியதும் ஊற்றி 3 நிமிடம் மூடி வைத்து வடித்துவிட வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறித்த இலைக்கு வாசம் தனி. வாங்கும்போது எந்த மாதப் பறிப்பு என்று கேளுங்கள். தொழிற்சாலைக் கடை என்றால் பதில் வரும். சுற்றுலா வண்டி நிற்கும் கடையில் 'எல்லாமே ஃப்ரெஷ் சார்' என்று வரும்.

குன்னூரில் வாங்க எளிதான இடம் இன்ட்கோசர்வ் விற்பனையகம். 1965-இல் தொடங்கிய, சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கான கூட்டமைப்பு. உதிரியாகத் தூள் வாங்கினால் வீட்டில் ஒரு சோதனை: ஈரமான வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். நல்ல தூள் லேசாகக் கறை விடும். சாயம் ஏற்றியது தூவிய உடனே செம்பழுப்பாகக் கோடு கோடாக ஓடும்.

நாடுகாணி:

மிளகு, அரிசிக்கு கூடலூர்தான். ஊட்டியிலிருந்து 50 கிலோமீட்டர். ஆனா மாசம் ஒருமுறை போனா போதும். பஜார்ல விவசாயிங்ககிட்ட மிளகு, காப்பி, பாக்கு, இஞ்சி எடுக்கிற மலைச்சரக்குக் கடைங்க இருக்கு. அவங்க சில்லறைக்குன்னு உட்கார்ந்திருக்க மாட்டாங்க, ஆனா 2 கிலோ, 5 கிலோ கேட்டா கொடுப்பாங்க. மிளகு அறுப்பு டிசம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரை. ஏப்ரல்ல போனா காஞ்ச புது மிளகு.

ஒரு லிட்டர் படியும் சின்னத் தராசும் எடுத்துட்டுப் போங்க. படி நிறைய மிளகு தட்டாம குலுக்காம கொட்டி எடை போடுங்க. 550 கிராமுக்கு மேல வந்தா கெட்டி மிளகு. 450-க்குக் கீழ வந்தா உள்ளே வெறும் கூடு. கொஞ்சம் எடுத்து தண்ணியில போட்டாலும் தெரியும்: பிஞ்சு மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும். பல்லுல கடிச்சா 'டிக்'னு உடையணும். நசுங்கினா ஈரம் இருக்கு, ரெண்டே மாசத்துல பூஞ்சை பிடிக்கும்.

மட்டை அரிசியும் வயநாட்டு ஜீரகசாலா, கந்தகசாலா அரிசியும் அங்கேயே கிடைக்கும். பிரியாணிக்கு ஜீரகசாலா சின்ன அரிசி, பாசுமதி அளவுக்குத் தண்ணி வச்சா குழைஞ்சிரும். ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மேல போகாதீங்க. நேந்திரனும் குன்னூரை விட அங்கே நல்லா இருக்கும்.

வெலிங்டன்_வாசி:

எல்லாருக்கும் நன்றி. சாக்குக் குறியும் மிளகுப் படியும் உடனே பயன்படும். தேன் பற்றி யாரும் சொல்லவில்லையே? ரோட்டோரம் வாங்கிய ஒரு பாட்டில் மூடியைத் திறந்ததும் நுரைத்துப் பொங்கியது. கலப்படமா? பர்லியார் பக்கம் மங்குஸ்தான் விற்கிறார்கள், அதை எப்படிப் பார்த்து வாங்குவது?

உழவர்_அட்டை:

நுரை வந்ததால் மட்டும் கலப்படம் என்று சொல்ல முடியாது. ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேன் புளிக்கத் தொடங்கும். மழைநாளில் எடுத்த மலைத்தேனில் ஈரம் அதிகம், மூடி இறுகியிருந்தால் உள்ளே வாயு சேரும். முகர்ந்து பாருங்கள். புளித்த மாவு வாடை இருந்தால் விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டாம். தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, எல்லாம் வீண். கெட்டியான சர்க்கரைப் பாகும் இந்தச் சோதனையில் பாஸ் ஆகும். அடியில் உறைந்தாலும் பயப்பட வேண்டாம், கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகும்.

வாங்குமிடம் என்றால் கோத்தகிரி. 1993-லிருந்து பழங்குடித் தேன் எடுப்பவர்களோடு வேலை செய்யும் கீஸ்டோன் அமைப்பும், அதன் வழிவந்த லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையும் அங்கே. கசப்புத் தேன் என்று ஒன்று இருக்கும். நாவல் இன மரங்களின் பூவிலிருந்து வருவது, கெட்டுப்போனது இல்லை. விருந்தாளியிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

நாடுகாணி:

மங்குஸ்தான் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை. கல்லாறு, பர்லியார் தோட்டக்கலைப் பண்ணை மரங்கள்ல காய்க்குது, ஆனா ரோட்டோரம் கேரளப் பழமும் கலந்துதான் நிக்கும். ரெண்டு விரலால தோலை அமுக்குங்க. கொஞ்சம் அமுங்கணும். கல்லு மாதிரி இருந்தா பழசு, கத்தி கூட இறங்காது. அடியில பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும், அதுல எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூட இருக்கிறதை எடுங்க: சுளை சின்னதா இருக்கும், கொட்டையும் குறைவு. தோல்ல மஞ்சள் பிசின் கசிஞ்சிருந்தா வச்சிருங்க, உள்ளேயும் கசந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பாலாடா_பக்கம்:

சீஸுக்கு உங்க குன்னூர்லயே ஏக்கர்ஸ் வைல்ட் பண்ணை இருக்கு, போன் பண்ணிட்டுப் போங்க. ஜாம், ஸ்குவாஷ் வேணும்னா சிம்ஸ் பூங்கா பக்கம் தோட்டக்கலைத் துறை விற்கிறதைப் பாருங்க.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை பத்து நாள் அரிசி, பருப்பு, எண்ணெய் கையில வச்சிருங்க. மண் சரிஞ்சு குன்னூர் மலைப்பாதையை மூடினா கோத்தகிரி வழியா சுத்தித்தான் வண்டி வரும், அதுவும் மூடினா வராது. ஜனவரி உறைபனியில லெட்டூஸ் கருகிடும், அந்த மாசம் மெனுவுல சாலட் போடாதீங்க.