லாக்ஸ்டன் ஊர்ல இன்னமும் வேலி வரப்பு இல்லாம விவசாயம் பண்றாங்களாமே, நெசமா?

மண்வெட்டி:
இங்கிலாந்து கிராமங்கள பத்தி தேடிக்கிட்டு இருந்தப்ப நாட்டிங்ஹாம்ஷயர்ல லாக்ஸ்டன்னு ஒரு சின்ன கிராமம் கண்ல பட்டுச்சு, ஊரே சேந்து கூட்டுப்பண்ணை மாதிரி இன்னைக்கும் விவசாயம் பண்ணுதுன்னு போட்டிருந்தான், மத்த ஊர்லல்லாம் எப்பவோ போயிடுச்சாம், இது மட்டும் எப்படி தப்பிச்சுது?

சும்மாஒருத்தன்:
கூட்டுப்பண்ணைலாம் இல்ல ப்ரோ. மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல்னு மூணு பெரிய வெளி, ஒவ்வொண்ணும் பட்டை பட்டையா பிரிச்சிருக்கும், ஒரே ஆளுக்கு மூணுலயும் அங்கங்க பட்டை இருக்கும், வெளையறது அவங்கவங்களுக்குத்தான். ஆனா என்ன போடறதுன்னு தனியா முடிவு பண்ண முடியாது. ஒரு வெளில குளிர்காலக் கோதுமைன்னா எல்லாரும் கோதுமை, அடுத்ததுல வசந்தகாலப் பயிர், மூணாவது தரிசு, வருஷா வருஷம் சுத்தி வரும். இப்ப தரிசுல மாட்டுத் தீவனம் போடறாங்க. 1635ல மார்க் பியர்ஸ்ங்கற சர்வேயர் பட்டை பட்டையா வரைஞ்ச மேப் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரில இருக்கு, கிடைச்சா பெருசு பண்ணி பாருங்க, உழுறவங்க அறுக்கறவங்கன்னு குட்டி குட்டி மனுசங்களயும் வரைஞ்சிருப்பாரு.

பழையகணக்கு:
தப்பிச்ச கதைல பெருமைப்பட ஒண்ணுமில்லங்க. 1750லேர்ந்து 1850 வரைக்கும் பார்லிமென்ட்ல சட்டம் போட்டு போட்டு ஊர் ஊரா பொது வெளிய வேலி போட்டு பங்கு பிரிச்சாங்க, லாக்ஸ்டன்ல பெரிய நிலக்காரங்க ரெண்டு பேரு, மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு, ரெண்டு பேருக்கும் கடைசி வரைக்கும் ஒத்துவரல, அவ்ளோதான் விஷயம். அப்புறம் 1952ல விவசாய அமைச்சகம் வாங்குச்சு, 1981ல அரச குடும்பத்துச் சொத்த நிர்வாகம் பண்ற க்ரௌன் எஸ்டேட் கைக்கு வந்துச்சு, 2020ல தோர்ஸ்பி எஸ்டேட்ங்கற தனியார் பண்ணைக்குப் போச்சு. நடுவுல 1900கள் தொடக்கத்துல பட்டைங்கள சேத்து பெருசாக்கிட்டாங்க, அதனால 1635 மேப்ல இருக்கறது அப்படியே இருக்குன்னு நெனச்சு போனா ஏமாந்துடுவீங்க.

மண்வெட்டி:
ஓ அப்படியா, நன்றிங்க. வரப்பே இல்லன்னா அடுத்தவன் பட்டைய ஓரத்துல கடிச்சு உழுதா எப்படி கண்டுபுடிப்பாங்க?

சும்மாஒருத்தன்:
அதுக்குத்தான் ஜூரி. நவம்பர் கடைசி வாக்குல ஊர் விவசாயிங்களே கோதுமை போட்ட வெளிய நடந்து சுத்தி வருவாங்க, பொதுப்பாதையயோ புல் விட்ட ஓரத்தயோ எவனாவது சேத்து உழுதிருந்தா எல்லைல முளைக்குச்சி அடிச்சுட்டு பேர எழுதிக்குவாங்க. அடுத்த வாரம் டவ்காட் இன்னுங்கற பப்ல கோர்ட் லீட்னு ஒரு ஊர்க் கோர்ட்டு கூடும், அங்க ஃபைன். இந்த மாதிரி ஊர்க் கோர்ட்டுங்க அதிகாரத்த எல்லாம் 1977ல எடுத்துட்டாங்க, லாக்ஸ்டன் கோர்ட்டுக்கு விட்டுவச்சாங்க. நான் ஜூன்ல போய் மாட்டிக்கிட்டேன், கோதுமை இடுப்பளவு நின்னுச்சு, பட்டையும் தெரியல ஒண்ணும் தெரியல. போறதா இருந்தா குளிர்ல போங்க, நல்ல பூட்ஸ் மறக்காதீங்க, களிமண்ணு.