நார்மல் சமன்பாடுகள்: இயல்நிலையா, செங்குத்தா, செவ்வனா?

அன்பின் நண்பர்களுக்கு,

மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி தரவுக்குக் கோடு பொருத்தும் முறை) வரும் ‘நார்மல் ஈக்குவேஷன்ஸ்’ நம் கலைச்சொல் பட்டியலில் ‘இயல்நிலைச் சமன்பாடுகள்’ என்று ஏறியிருக்கிறது. மாற்றியாக வேண்டும். இயல்நிலைப் பரவல் (மணி வடிவ ‘நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்’) படித்த மாணவர், தரவு அந்தப் பரவலில் அமைந்தால்தான் இச்சமன்பாடுகள் செல்லும் என்று எடுத்துக்கொள்வார். அப்படியொரு நிபந்தனையே கிடையாது.

போட்டுப் பாருங்கள். புள்ளிகள் (1, 2), (2, 3). ஆதிப்புள்ளி (0, 0) வழியே ஒரு கோடு வேண்டும். சாய்வு = (1×2 + 2×3) ÷ (1×1 + 2×2) = 1.6. கோடு தரும் மதிப்புகள் 1.6, 3.2. எச்சங்கள், அதாவது உண்மை மதிப்புக்கும் கோட்டின் மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகள், 0.4, −0.2. எச்சத் திசையனை, இரு புள்ளிகளின் x மதிப்புகளாலான திசையன் (1, 2) உடன் புள்ளிப் பெருக்கல் செய்தால் 0.4 − 0.4 = 0. புள்ளிப் பெருக்கல் 0 என்றால் இரண்டும் செங்குத்து. எச்சம் செங்குத்தாக நிற்க வேண்டும், அதைத்தான் சமன்பாடு கேட்கிறது. எனவே ‘செங்குத்துச் சமன்பாடுகள்’ என்று முன்மொழிகிறேன்.

-----

ஐயா, ‘இயல்நிலை’ போகட்டும், முழு உடன்பாடு. ஆனால் ‘செங்குத்து’ என்றதும் மாணவர் கண்ணில் படுவது தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கோடு. சாய்வான தளத்துக்கு வரையும் நார்மலும் சாய்ந்துதானே இருக்கும்?

தளத்துக்கோ வளைவுக்கோ செங்கோணத்தில் வரையும் நார்மல் கோட்டை இலங்கையில் ‘செவ்வன்’ என்பார்கள். இயல்நிலைப் பரவல் அங்கே ‘செவ்வன் பரம்பல்’. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. லத்தீனில் ‘நோர்மா’ என்றால் தச்சரின் மூலைமட்டம். செங்கோணம், முறைமை என்ற இரு பொருளும் அதிலிருந்தே கிளைத்தன. நம் ‘செம்மை’யிலும் செங்கோணம் உண்டு, ‘செவ்வனே’யும் உண்டு. ‘செவ்வன் சமன்பாடுகள்’ என்றே வைப்போம். பரவலோடு குழம்பாமலிருக்க, எச்சம் செங்குத்து என்று விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்.

இதை எல்லா நார்மலுக்கும் நீட்ட வேண்டாம். ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் நீளம் 1 ஆகவும் உள்ள திசையன்களைக் குறிக்கும் ‘ஆர்த்தோநார்மல்’ என்பதில் செங்குத்தை முற்பாதியே சொல்லிவிடுகிறது. நார்மல் என்பது நீளம் 1 என்பதைக் குறிக்கிறது. அங்கே ‘அலகு’ வர வேண்டும். குலக் கோட்பாட்டின் ‘நார்மல் சப்குரூப்’புக்கு ‘மாறா உட்குலம்’ பொருந்தும்: சமபக்க முக்கோணத்தின் 6 சமச்சீர்களில், சுழற்சிகள் மூன்றையும் (0°, 120°, 240°) எந்த உறுப்பால் இணையமாற்றினாலும் (முன்னே அந்த உறுப்பையும் பின்னே அதன் நேர்மாறையும் சேர்த்தாலும்) அதே மூன்றுதான் கிடைக்கும். சமனியும் (எதையும் மாற்றாத உறுப்பு) ஒரு பிரதிபலிப்பும் சேர்ந்த உட்குலமோ வேறொன்றாக மாறிவிடும். எமில் பொரேல் 1909இல் வரையறுத்த நார்மல் எண்களில் கோணமே இல்லை. தசம விரிவில் ஒவ்வோர் இலக்கமும் 1/10 பங்கு, ஒவ்வோர் இலக்கச் சோடியும் 1/100 பங்கு என்று போகும். அதற்கு ‘இயல்நிலை எண்’ இருக்கட்டும்.

நார்மல் அணிக்கு மட்டும் ‘செவ்வன் அணி’ தயங்காமல் போடலாம். ஒன்றுக்கொன்று செங்குத்தான ஐகன் திசையன்களால் (அணியால் பெருக்கினாலும் தன் மடங்காகவே இருக்கும் திசையன்கள்) முழு அடுக்களம், அதாவது வெளி முழுவதையும் உருவாக்கும் திசையன் தொகுதி, கிடைப்பது அந்த அணிகளுக்கு மட்டுமே.