ஏபிஎக்ஸ்600, சிபிஎக்ஸ்600: ரெண்டையும் வாசிச்சவங்க அனுபவம் சொல்லுங்க

தந்திமீட்டி
நாலு வருஷமா என்கிட்ட இருக்கறது யமஹா ஏபிஎக்ஸ்600, கேபிள் குத்தியும் வாசிக்கலாம்ங்கற மெல்லிய உடம்பு அகூஸ்டிக் கிட்டார். போன வாரம் மேடையில ரெண்டாவது பாட்டு நடுவுல முதல் தந்தி அறுந்துடுச்சு. பக்கத்துல நின்ன நண்பன் தன்னோட சிபிஎக்ஸ்600-ஐ (அதே யமஹாவோட தடிச்ச உடம்பு கிட்டார்) கழட்டி என் தோள்ல மாட்டிவிட்டான். அதே கேபிள்தான். ரெண்டுலயும் ஒரே சிஸ்டம்65 ப்ரீஆம்ப் (உள்ள இருக்கற, தந்தி சத்தத்தை ஏத்திக் கொடுக்கற கருவி)ங்கறதால நாப் எல்லாத்தையும் வழக்கமா நான் வெக்கற இடத்துலயே வெச்சேன். மானிட்டர்ல (வாசிக்கறவங்களுக்காக மேடையில வெக்கற ஸ்பீக்கர்) கேட்டப்போ என் கிட்டார் மாதிரியேதான் இருந்துச்சு. வலது முழங்கைதான் எங்க போறதுன்னு தெரியாம தவிச்சுது, அவ்வளவு தடிமன்.

அது பெரிய விஷயமில்ல. நிகழ்ச்சி முடிஞ்சு சின்ன அறையில உக்காந்து, கேபிள் இல்லாம சும்மா ஒரு இ மேஜர் கார்டு அடிச்சேன். ஆறாம் தந்தியோட அதிர்வு பின்பலகை வழியா நெஞ்செலும்பு வரைக்கும் வந்துச்சு. கையை எடுத்தப்புறமும் சத்தம் நின்னுட்டே இருந்துச்சு. என் ஏபிஎக்ஸ்ல இது ஒரு நாளும் வந்ததில்ல. நாலு வருஷம் வீட்ல கேபிள் இல்லாமதான் பழகியிருக்கேன். அன்னியிலருந்து என் கிட்டாரை எடுத்தாலே அந்த இ மேஜர் ஞாபகம்தான். இது வேற யாருக்காவது நடந்திருக்கா?

மூணாம் ஃப்ரெட்
எனக்கு இதுக்கு நேர் எதிரா நடந்துச்சு. நான் கத்துக்க ஆரம்பிச்சது சிபிஎக்ஸ்ல. ஏழு மாசமாகியும் எஃப் பார் கார்டுல (ஒரே விரலால ஆறு தந்தியையும் அமுக்கிப் பிடிக்கறது) ரெண்டாம் தந்தி செத்த மாதிரிதான் கேக்கும். வாத்தியார் விரலைத் திருப்பு, கட்டைவிரலைக் கீழ இறக்குன்னு சொல்லிப் பார்த்து அலுத்துட்டார். ஒருநாள் தன்னோட ஏபிஎக்ஸ்600-ஐ மடியில வெச்சு, "இதுல ஒரு தடவை பிடிம்மா"ன்னார். ஆறு தந்தியும் பேசிடுச்சு. நான் அடிச்சதையே நிறுத்திட்டு அப்படியே பாத்துட்டிருந்தேன்.

அப்புறம்தான் அளவைப் பாத்தேன். தந்தியைத் தாங்கற ரெண்டு முனை, கழுத்து மேல இருக்கற நட்டுலருந்து உடம்புல இருக்கற சேடில் வரைக்கும், ஏபிஎக்ஸ்ல 634 மிமீ, சிபிஎக்ஸ்ல 650 மிமீ. நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் (கழுத்துல குறுக்கே இருக்கற உலோகக் கம்பி) நடுவுல ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. ஆனா என் விரல் அதைக் கண்டுபிடிச்சுடுச்சு. நெஞ்சதிர்வெல்லாம் அப்புறம், முதல்ல கார்டு விழணும்.

ஒலிமேசை
தந்திமீட்டி, மானிட்டர்ல ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதியிருக்கீங்களே, அதை ஒத்துக்க மாட்டேன். அன்னிக்கு உங்க மானிட்டர் சத்தம் கம்மியா இருந்திருக்கும்.

நான் மேடையில சவுண்ட் பாக்கறவன். ஒரு தடவை சிபிஎக்ஸ் வாசிக்க வந்தவருக்கு மானிட்டரை கிட்டார் வாய்க்கு (உடம்பு நடுவுல இருக்கற ஓட்டை) நேராவே வெச்சுட்டேன். சவுண்ட் செக்ல ஒண்ணுமில்ல. கூட்டம் சேர்ந்ததும் சத்தத்தை ஏத்தினேன். அவர் அஞ்சாம் தந்தியைத் திறந்து விட்டார், அந்த ஏ நிக்கவே இல்ல. 110 ஹெர்ட்ஸ்ல ஊளையிட ஆரம்பிச்சு, மேடைப் பலகையே அதிர்ந்துச்சு. அவர் ஆறு தந்தியையும் உள்ளங்கையால அமுக்கியும் அடங்கல, பெட்டிக்குள்ள இருக்கற காத்து தானா பாடிட்டிருந்துச்சு. சத்தத்தைக் குறைக்க ஃபேடரை இழுக்கறதுக்குள்ள அவர் என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இன்னும் மறக்கல. கிட்டார் மேல குத்தமே இல்ல, மானிட்டரை அங்க வெச்சது நான். ரப்பர் மூடியை எடுத்து வாயை அடைச்சப்புறம்தான் நிகழ்ச்சி நடந்துச்சு. அந்த வட்ட மூடி ஏபிஎக்ஸ்ல நிக்காது, அதுக்கு வாய் நீள்வட்டம். ஆனா அதே மேடையில ஏபிஎக்ஸா இருந்தா மூடியே தேவைப்பட்டிருக்காதுன்னு நினைக்கறேன்.

1987-ல ஏபிஎக்ஸ் வரிசை வந்ததே மேடைக்காகத்தான். எலெக்ட்ரிக் வாசிச்சுப் பழகினவன் தடுமாறாம மாறிக்கணும்னுதான் உடம்பை மெலிசாக்கினாங்க. அதைக் கேபிள் இல்லாம அறையில வெச்சு எடை போடறது நியாயமில்ல.

பழைய சேடில்
என் கதை சின்னது. ஆக்‌ஷன் (அதாவது, கழுத்துலருந்து தந்தி நிக்கற உயரம்) இறக்கணும்னு என் ஏபிஎக்ஸை ரிப்பேருக்குக் கொடுத்தேன். சேடிலோட அடிப்பக்கத்தைக் கையால தேச்சுக் கொடுத்தாங்க. வீட்ல அருமையா இருந்துச்சு. ஆம்ப்ல போட்டா நாலாம் தந்தியைக் காணோம்! அடி சமமா இல்லாததால சேடிலுக்கு அடியில அதிர்வைப் பிடிக்கற பியசோ மேல அந்த இடம் மட்டும் அழுந்தல. அதோட ரெண்டு நிகழ்ச்சி வாசிச்சுட்டேன்.

மூணாம் ஃப்ரெட் சொன்னதுல ஒரு திருத்தம் உண்டும்மா. உங்க விரல் கண்டுபிடிச்சது அந்த ஒரு மில்லிமீட்டரை இல்ல, இழுவையை. ஒரே தந்தி, ஒரே சுருதின்னா நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிதான் இழுவை வரும். 634, 650-ஐ வெச்சுக் கணக்குப் போட்டா ஏபிஎக்ஸ்ல கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவு. சிபிஎக்ஸ்ல ஒரு அளவு மெல்லிய தந்தி போட்டிருந்தா அந்த எஃப் அங்கயே விழுந்திருக்கலாம். அதே இழுவைக் குறைவுதான் ஏபிஎக்ஸை அரைச் சுருதி இறக்கினா தந்தி தொளதொளன்னு ஆகறதுக்கும் காரணம். இறக்கிப் பாடறவங்க இதை யோசிச்சுக்குங்க.

ரெண்டையும் ஒப்பிடப் போறவங்களுக்கும் சொல்றேன். ரெண்டுலயும் ஒரே அளவு புதுத் தந்தி போடுங்க. ஒண்ணுல மூணு மாசப் பழைய தந்தி இருந்தா நீங்க கேக்கறது தந்தியோட வயசுதான். பேட்டரியையும் பாத்துக்குங்க, இறங்கின பேட்டரியில எந்த ப்ரீஆம்பும் கரகரக்கும். ஈக்யூ நாப் (பேஸ், ட்ரெபிள் மாதிரி) எல்லாத்தையும் நடுவுல வெச்சுத் தொடங்குங்க. அப்புறம் வேற ஒருத்தரை வாசிக்கச் சொல்லிட்டு நீங்க எதிர்ல ரெண்டு மீட்டர் தள்ளி உக்காருங்க. கிட்டார் முன்னாடிதான் பாடும், வாசிக்கறவன் காது பக்கவாட்டுல இருக்கு. நெஞ்சுல அதிர்வு வந்தா அது சத்தம் நல்லா இருக்கறதுக்கு ஆதாரம் ஆகாது. வாசிச்சு முடிச்சதும் கேபிளைக் கழட்டிடுங்க, குத்தியே வெச்சிருந்தா பேட்டரி ஓடிட்டே இருக்கும்.

தந்திமீட்டி
ஒலிமேசை அண்ணா, நீங்க சொன்னது சரி, அன்னிக்கு மானிட்டர் பக்கவாட்டுல, சத்தமும் கம்மி. ஆனா நான் கேட்டது மேடையைப் பத்தி இல்ல.

பழைய சேடில் சார் சொன்ன மாதிரி செஞ்சு பாத்தேன். நண்பன்கிட்ட சிபிஎக்ஸை ரெண்டு நாளைக்கு வாங்கி, ரெண்டுலயும் ஒரே புதுத் தந்தி போட்டேன். தம்பியை வாசிக்கச் சொல்லிட்டு எதிர்ல கண்ணை மூடி உக்காந்தேன். தடிச்ச தந்திகளோட சத்தம் சிபிஎக்ஸ்ல பெரிசுதான். ஆனா மெல்லிய ரெண்டு தந்தியில, விரலால ஒவ்வொண்ணா மீட்டறப்போ, எது எதுன்னு நாலு தடவையில ரெண்டு தடவை தப்பா சொன்னேன். கேபிள் குத்தினப்புறம் சொல்லவே முடியல.

அப்புறம் கிட்டாரை வாங்கி நானே அந்த இ மேஜரை அடிச்சேன். நெஞ்சுல அப்படியே வந்துச்சு. ரெண்டு நாள்னு வாங்கினது, இன்னியோட அஞ்சு நாள். இன்னும் திருப்பிக் கொடுக்கல.