புதுப்பிப்பு: ஏ.ஆர்.டி. மாத்திரையோடு பயணம் – விட்டுப்போன விஷயங்கள்

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வெளியூர் போகிறவர்கள் ஏ.ஆர்.டி. மாத்திரையை (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து) கொண்டுபோவது பற்றிய முந்தைய பதிவுக்குக் கீழே, "பஸ்ஸில் நெஞ்செரிச்சலுக்கு டைஜீன் குடிக்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். அது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

ஏ.ஆர்.டி.யில் ஒரு வகையான டி.எல்.டி. மாத்திரையில் டோலுடெகிராவிர் என்ற மருந்து இருக்கிறது. டைஜீன், ஜெலுசில் போன்றவற்றிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் குடலில் அதைப் பிடித்துக்கொள்ளும். மருந்து இரத்தத்தில் சரியாகச் சேராது. எனவே அவற்றைக் குடிக்க 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோ மாத்திரை போடுங்கள். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே கணக்கு. ஆனால் சாப்பாட்டோடு என்றால் இந்தச் சத்து மாத்திரைகளை மட்டும் டி.எல்.டி.யோடு சேர்த்தே போடலாம். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையால் டோலுடெகிராவிருக்குத் தொந்தரவில்லை. வேறு மருந்துக் கூட்டில் இருப்பவர்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள்.

வேளை தவறினால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். இரட்டையாக வேண்டாம்.

விசைப்படகில் தங்குகடலுக்குப் போகிறவர்கள், டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். இஞ்சின் அறைப் பக்கமும் ஐஸ் பெட்டியும் ஆகாது. திரும்புவது தள்ளிப்போகலாம், கூடுதலாக ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடா வேலை விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு. அதற்காக மாத்திரையை நிறுத்துவது வீண்: பரிசோதனை பார்ப்பது வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பணுக்களை, அவை மறையாது. வைரஸ்தான் மறுபடி பெருகும். ஏஜென்ட் என்ன சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

சந்தேகத்துக்கு 1097, இலவச அழைப்பு.